பதினோரு மொட்டை

ருவைஸிலிருந்து வந்த கம்பெனி பஸ், அபுதாபிக்கு வெளியே முசஃபா ரவுண்டானாவில் வேகத்தைக் குறைத்ததுமே கௌஸ் முகம்மது எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றி, கொஞ்சம் அத்தர் தடவிக்கொண்டு மனிதனாக வரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். பஸ் கிளம்பியதே தாமதமாகத்தான். காலர் முழுக்கத் துருவும் வியர்வையுமாக, டூட்டிச் சட்டையோடேயே இறங்கி, லேத்துப் பட்டறைகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவே மைதானத்தை விசாரித்துக்கொண்டு ஓடினார். ஐம்பதை நெருங்கும் ஆள் ஓடுவதைப் பார்த்து ஒரு பாகிஸ்தானி டிரைவர், "ஜல்தி பாய், ஜல்தி" என்று சிரித்தான்.

பஸ்ஸில் வரும்போதே ஷம்சியா போன் செய்திருந்தாள். "ஏங்க, புள்ள மொட்டை அடிச்சிருக்கான். பாத்துட்டுப் பதறிராதிய. டீமுல என்னன்னா..." அதற்குள் டவர் போய்விட்டது. மனைவி சொல்வதில் பாதிதான் காதில் விழும் என்பது அவர் வாழ்க்கையில் புதிதல்ல. மொட்டைத் தலை என்றால் அடையாளம் கண்டுபிடிக்கச் சுலபம் என்று நினைத்து, போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

ருவைஸில் சாரம் கட்டும் காண்ட்ராக்ட் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். மனைவியும் மகன் ரிபாயும் அபுதாபியில், வாடகையைப் பங்கு போட்ட ஃபிளாட்டில் ஒரே அறையில். அவர் கேம்பில். வியாழக்கிழமை ராத்திரி வருவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வரைக்கும் தூங்குவார், தொழுதுவிட்டு வந்து பிரியாணி சாப்பிடுவார், டிவி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் தூங்குவார், அஸர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறுவார். குடும்பத்தோடு இருக்கிறேன் என்று ஊரில் இருக்கிற தம்பிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான்.

ரிபாய் எட்டாம் வகுப்பிலிருந்து ஸ்கூல் டீமில் ஆடுகிறான். ஒவ்வொரு மேட்சுக்கும் "வருவியளா வாப்பா?" என்று கேட்பான். "இன்ஷா அல்லாஹ், அடுத்த மேட்சுக்கு" என்பார் இவர். இன்ஷா அல்லாஹ்வை இப்படிச் சோம்பேறித்தனத்துக்குச் செலவு செய்தால் அல்லாஹ்வே கோபித்துக்கொள்வான் என்று ஷம்சியா ஒருமுறை சொல்லியும்விட்டாள். இந்த வருஷம் ரிபாய் கேட்கவேயில்லை. கோபம் ஒன்றும் இல்லை. சலாம் சொல்வான், தண்ணீர் கொண்டுவந்து வைப்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். அந்த மரியாதை அவருக்கு என்னவோபோல் இருந்தது. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அதன்பிறகு அவன் சென்னையில் ஹாஸ்டலில், ஷம்சியா கீழக்கரையில், இவர் கேம்பில். பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு இதுதான் கடைசி மேட்ச். இதற்காவது போய் நின்றுவிட்டால், ராத்திரி அவனிடம் மேட்சைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம், பேச்சு அப்படியே தொடர்ந்துவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மத்தியான பஸ்ஸுக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

சாதாரண மேட்சும் அல்ல. இரண்டும் இந்தியப் பள்ளிக்கூடங்கள், நடுவில் ஒரே ஒரு மதில். இங்கே அடிக்கிற மணி அங்கே கேட்கும். பங்காளிகள் என்றால் வேலித்தகராறு இல்லாமல் இருக்குமா? மதிலுக்கு மேலே பந்து போனால் திரும்பி வராது. வருஷத்துக்கு ஒருமுறை, ஜனவரிக் குளிரில், இந்த வாடகை மைதானத்தில் அந்தக் கணக்கையெல்லாம் தீர்த்துக்கொள்வார்கள். பெண்களுக்கு எதிர்ப்பக்கம் தனிப் பந்தல். ஆண்களுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி.

நாற்காலியில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிபாயின் பள்ளிக்கூடத்துப் பச்சைச் சட்டைக்காரர்கள் பதினோரு பேரும் மொட்டை. மக்காவில் உம்ரா முடித்து ஒரே விமானத்தில் வந்து இறங்கிய கூட்டம்போல் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தார்கள். அடப்பாவிகளா, இதைத்தான் சொல்ல வந்தாளா என்று நினைத்தார். ஆனால் அவருக்கு ஒன்றும் சிரமம் இல்லை. வீட்டு அலமாரிக் கண்ணாடியில் ரிபாயின் போட்டோ ஒட்டியிருக்கிறது, ஏழாம் நம்பர் சட்டையோடு, கோப்பையைப் பிடித்துக்கொண்டு. ஏழாம் நம்பரைத் தேடினார். முன்வரிசையில், முகம் பிடிபடாத வேகத்தில், அம்புமாதிரி பாய்ந்துகொண்டிருந்தான்.

அவர் நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். வந்ததும் பெயரைச் சொல்லிக் கை கொடுத்திருந்தார்: சேதுமாதவன், பொள்ளாச்சிப் பக்கம்.

"அந்த ஏழாம் நம்பரு இருக்கான் பாருங்க" என்றார் கௌஸ் முகம்மது. "நம்ம மவன்தான்."

சேதுமாதவன் மைதானத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் மைதானத்தைப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார்.

"ஒங்க மவன் யாரு?"

"இருக்கானுங்க. அங்கதான் எங்கியோ ஓடிட்டிருக்கான்."

நல்ல மனுசன், தன் பிள்ளையைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லையே என்று கௌஸ் முகம்மது மெச்சிக்கொண்டார். இருபதாவது நிமிஷத்தில் ஏழாம் நம்பர் கோல் போட்டான். இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, துருச் சட்டையோடு சேதுமாதவனைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். "ரிபாய்! மவனே! போடுறா இன்னொண்ணு!" ஐந்து வருஷமாகச் சேர்த்துவைத்த சத்தம் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அந்த நிமிஷத்தில் அவரைப்போல் சந்தோஷமான ஆள் முசஃபாவிலேயே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். பச்சை அணியின் தடுப்பு வரிசை இப்போது இவருக்கு நேர் எதிரே. அதில் ஒருவன், பதினாறாம் நம்பர், உயரமாக, கொஞ்சம் மந்தமாக இருந்தான். எதிரிப் பையன் ஒருவன் அவன் காலுக்கு நடுவிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் கோல் அடித்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

கௌஸ் முகம்மதுவுக்குப் பொறுக்கவில்லை. தன் பிள்ளை உயிரைக் கொடுத்துப் போட்ட கோல் அல்லவா? கோட்டு ஓரத்துக்கே போய் நின்றுகொண்டார். "எலேய் பதினாறு! காலா அது, பனங்கட்டையா? வெளிய வாடா தடியா!" சாரத்தின் உச்சியில் நிற்கிறவனுக்குக் கீழேயிருந்து கேட்கும்படி கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மைதானம் முழுக்க மலையாளமும் இங்கிலீஷும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவருடைய தமிழ் மட்டும் தனியாக எழும்பியது. பதினாறாம் நம்பர் அடுத்த பந்தையும் தவறவிட்டான். "கோச்சு! இவன மாத்துங்க! எவன் பெத்த புள்ளடா இது? சோறு போட்டு வளத்தானா, தவிடு போட்டு வளத்தானா?"

சேதுமாதவன் பின்னாலேயே வந்து கையைத் தொட்டார். "பாய், வேண்டாங்க. வந்து உக்காருங்க."

"நீங்க சும்மா இருங்க. இவன வச்சுக்கிட்டு நம்ம புள்ளைங்க எப்புடி ஜெயிக்கும்?"

பதினாறாம் நம்பர் ஒரு தடவை திரும்பி நின்று இவரைப் பார்த்தான். மைதான விளக்கு அவனுக்குப் பின்னால் எரிந்தது. முகம் இருட்டு, தலை மட்டும் பளபளப்பு. "என்னடா முறைக்கிற? பந்தப் பாரு!" என்றார் கௌஸ் முகம்மது. அவன் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் காலில் எதுவுமே நிற்கவில்லை. முடிகிற நேரத்தில் அவன் சறுக்கி விழ, பந்து அவனைத் தாண்டிப் போக, இரண்டுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. எதிர்ப் பள்ளிக்காரர்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு மைதானத்துக்குள் பாய்ந்தார்கள்.

விழுந்தவன் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கப் பந்தலிலிருந்து கறுப்பு அபாயாவோடு ஷம்சியா வேகமாக நடந்துவருவது தெரிந்தது. ஏழாம் நம்பர் இடுப்பில் கை வைத்து வழியில் நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். 'இவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சா? பெத்த புள்ளைய விட்டுட்டு எங்க போறா?' என்று நினைத்தார் கௌஸ் முகம்மது. அவள் பதினாறாம் நம்பரின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அபாயாவின் கைநுனியால் அவன் தலையிலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க பாய்" என்றார் சேதுமாதவன் மெல்ல. "ஏழாம் நம்பர் எம் பையனுங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும். நீங்க அத்தனை சந்தோஷமா இருந்தீங்க, வாய் வரலீங்க."

எப்போதோ ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணி மயக்கத்தில், "வாப்பா, நா டிஃபென்ஸுக்கு மாறிட்டேன், நம்பரும் மாத்திட்டாங்க" என்று ஒரு குரல் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "நல்லது, நல்லது" என்று பதில் சொல்லியதும் ஞாபகம் வந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அது பிளக்கவில்லை. முசஃபா பூமி நல்ல கெட்டி.

தோற்றாலும் ஜெயித்தாலும் மேட்சுக்குப் பிறகு இரண்டு பள்ளிக்காரர்களும் பக்கத்திலிருந்த ஏமன்காரர் கடையில் மத்பி சாப்பிடுவது வழக்கம். நெருப்புக்கு மேலே கல்லைப் பரப்பி அதன்மேல் கோழியைச் சுடுகிறார்கள். கொழுப்பு உருகி நெருப்பில் சொட்டும் வாசனை தெருமுனைவரைக்கும் வரும். மனைவியும் மகனும் அவருமாக மூவரும் அதை நோக்கி நடந்தார்கள். ரிபாய்தான் முதலில் வாயைத் திறந்தான். "டைம் கெடச்சு வந்தியளா வாப்பா? தேங்க்ஸ்."

"மவனே, நா வந்து... நம்பர..."

"இட்ஸ் ஓகே வாப்பா. கிரவுண்டுல நிக்கும்போது வெளிய கத்துறது ஒண்ணும் கேக்காது."

கேட்டது. திரும்பிப் பார்த்தானே. அவன் பொய் சொல்கிறான் என்பதைவிட, அதை எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறான் என்பதுதான் அவரைக் கொன்றது. அழுதிருக்கலாம். "நீங்கல்லாம் ஒரு வாப்பாவா?" என்று நடுத்தெருவில் கத்தியிருக்கலாம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், பிறகு கட்டிக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது?

கடைக்குள் தரையில் விரிப்புப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததுமே சேதுமாதவனின் மகன் வந்து நின்றான். "அங்கிள், ஃபுல் மேட்ச் எனக்குத்தான் சப்போர்ட் பண்ணீங்களாம். அப்பா சொன்னார். தேங்க்யூ அங்கிள்." பாவம், அவனுக்குச் சூது தெரியாது. ரிபாய் சிரித்தான். "எங்க வாப்பா வாய்ஸ் அப்படி" என்றான். ஷம்சியா தலையை நிமிர்த்தவேயில்லை.

ஒரே பெரிய தட்டில் மூவருக்கும் சோறு வந்தது, மேலே சுட்ட கோழி. கீழக்கரையிலும் விருந்து என்றால் இப்படி ஒரே சஹன் தட்டில்தான், சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சஹனில் விருந்தாளி இருந்தால், கூட உட்கார்ந்தவர்கள் நல்ல கறியாகப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவைப்பார்கள். அவராகக் கை நீட்டி எடுக்கும்படி விடுவது மரியாதைக் குறைவு. வீட்டு ஆட்களுக்குள் அந்த உபசாரம் எல்லாம் கிடையாது. அடித்துப் பிடித்து, ஒருவர் எடுத்ததை இன்னொருவர் பிடுங்கித் தின்பதுதான். ரிபாயும் ஷம்சியாவும் அப்படித்தான் தின்பார்கள் என்பதை அவர் டிவி பார்த்தபடி அரைக்கண்ணால் கண்டிருக்கிறார்.

இன்றைக்கு அவர்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. மூவரும் அவரவர் முன்னால் இருந்த சோற்றை மட்டும் எடுத்தார்கள். சோறு மூன்று பக்கமும் குழிந்துகொண்டே வந்தது. கௌஸ் முகம்மது தொடைக்கறியைப் பார்த்தார். அதை இழுத்து, ஒரு கடி கடித்து, மீதியை மகன் வாயில் திணித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கை எழும்பவில்லை. "வர்ற வெள்ளிக்கெழம..." என்று ஆரம்பித்தார். வர்ற வெள்ளிக்கிழமை என்ன? எண்ணி ஏழெட்டு வெள்ளிக்கிழமையில் பரீட்சை வந்துவிடும். அடுத்த வரிசையில் சேதுமாதவனும் மகனும் எலும்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரிபாய் கோழியைத் தன் பக்கம் திருப்பினான். தொடையை எலும்பிலிருந்து பதமாகப் பிய்த்தான், கருகின தோலை ஒதுக்கினான், நெஞ்சுக்கறியில் மிருதுவான பாகத்தையும் எடுத்துச் சேர்த்தான். எல்லாவற்றையும் விரல்நுனியால் சோற்றின் மேலேயே நகர்த்தி, தட்டில் அவருடைய பக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தான்.

"எடுத்துக்கிடுங்க வாப்பா" என்றான். "கூச்சப்படாதிய."