கொதிநீரில் ஒரு பச்சைப் பை

கையில் ஆபரேஷன் என்று நாள் குறித்ததுமே டிரைவர் அக்கா செய்த முதல் காரியம், பாதியில் கிடந்த பின்னலை எடுத்து முடித்ததுதான். டவுன் பஸ் ஓட்டுகிறவள். வருஷக்கணக்காக ஸ்டீயரிங்கைப் பிடித்து வளைத்ததில் வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. அந்த மரத்த விரல்களோடு பின்னல் ஊசியைப் பிடித்து, நழுவ விட்டு, மறுபடி பிடித்து, பெரிய பச்சைக் கம்பளிப் பை ஒன்றைப் பின்னி முடித்தாள். எல்லாம் மகளுக்காக. மகள் மாட்டு டாக்டருக்குப் படித்தவள். வேறு ஊரில் வேலைக்குச் சேரப் போகிறாள். லேப்டாப்பையும் புத்தகங்களையும் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை.

பின்னியதோடு வேலை முடிவதில்லை. அப்போது அது யானைக்குத் தைத்த தலையணை உறை மாதிரி தொளதொளவென்று இருந்தது. சுடச்சுட வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி அடித்தால்தான் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கி, கண்ணிகளே தெரியாமல் கனத்த துணியாக இறுகும். ஃபெல்ட் என்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். அக்கா வீட்டு வாஷிங் மெஷின் முன்பக்கக் கதவு வைத்தது. ஓடத் தொடங்கினால் பூட்டிக்கொள்ளும், நடுவில் திறந்து பார்க்க முடியாது. மேலே மூடி வைத்த பழைய மெஷின் இருந்தது ஓரகத்தி வீட்டில். கொழுந்தன் மனைவி.

அந்த ஓரகத்திக்குக் குடும்பம் வைத்த பெயர் 'அவசரம்'. கல்யாணமாகி வந்த புதிதில், நாற்காலியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மாமனாரின் மூக்குக்கண்ணாடி மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மருமகள் செய்த காரியமா இது என்று சிரித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. கடையில் அவள் வேறு ஆள். ஃபிரேமில் லென்ஸ் மயிரிழை பிசகியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அது வீட்டில் யாருக்குத் தெரியும்?

அதனால் அக்கா அவளைத் தேடி வந்து பையை மடியில் வைத்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்த அட்டையை லேப்டாப் அளவுக்கு வெட்டியிருக்கேன்," என்றாள் அக்கா. "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்து, பையை எடுத்துப் பாரு. அட்டை உள்ள கச்சிதமா நுழையுதா, அதோட எடுத்து அலசிடு. வேற எதுவும் பண்ண வேண்டாம்."

"நீங்க நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ," என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, கணவன் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்க, அவள் மெஷினில் வெந்நீர் நிரப்பிப் பையைப் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தாள். போட்டது போட்டபடி இருந்தது. மறுபடி போட்டாள், மறுபடி எடுத்தாள். சுருங்குவதற்குப் பதில் தண்ணீர் குடித்து இன்னும் நீண்டு, முழங்கால்வரை தொங்கியது. நூல் சரியில்லையோ? சோப்பு போதவில்லையோ? அக்காவைக் கேட்கலாம் என்றால் அவளை அந்நேரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருப்பார்கள்.

"இப்படியே இருந்தா என்னங்க பண்றது?" என்றாள் கணவனிடம்.

"எனக்கென்ன தெரியும்? சூடு பத்தலையோ என்னமோ."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அப்படியே மெஷினுக்குள் கவிழ்த்தாள். உராய்வு இருந்தால் சீக்கிரம் இறுகும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கணவனின் இரண்டு ஜீன்ஸையும் உள்ளே தள்ளினாள். சோப்புத்தூளையும் அள்ளிப் போட்டாள். வேற எதுவும் பண்ண வேண்டாம் என்று அக்கா சொன்னது காதில் ஒலிக்கத்தான் செய்தது, கை நிற்கவில்லை.

மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் காலிங் பெல். கீழ்வீட்டு அம்மாள். சாக்கடைக் குழாய் வழியாக நுரை பொங்கி, அவள் பால்கனியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் பனி பெய்தாற்போல் ஆகிவிட்டதாம்.

"நீங்களே வந்து பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிறவள் அவள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது அத்தனையும் நிஜம். ஓரகத்தி துடைப்பானை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். தரையைத் துடைத்து, துணிகளை அலசிப் பிழிந்து, மன்னிப்பும் கேட்டு மேலே வந்து மூடியைத் திறந்தால், ஜீன்ஸ் கால்களுக்கு நடுவே பச்சையாக ஏதோ சுருண்டு கிடந்தது.

கையில் எடுத்தபோது முதலில் அது பையென்றே அவளுக்கு உறைக்கவில்லை. செருப்பின் அடிப்பாகம் போலக் கெட்டியாக இருந்தது. அட்டையை வைத்துப் பார்த்தாள். அட்டை பையின் வாய்க்குமேல் கூரைபோல நின்றது. உள்ளே நுழைய வழியே இல்லை.

"என்னங்க, இங்க வாங்களேன்."

குரலைக் கேட்டே கணவன் செய்தித்தாளைப் போட்டுவிட்டு வந்தான். பார்த்தான். "இது என்ன, தொப்பியா?"

அவள் அழ ஆரம்பித்ததும் அவனுக்கும் கை கால் ஓடவில்லை. அண்ணி முகம் கண்முன் வந்துவிட்டது போலும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் சுவரில் காலை உதைத்து இழுத்தான். பை விரல் அகலம் நீண்டது, விட்டதும் பழையபடி போய்விட்டது. ஈரத்தோடு குக்கர் பாத்திரத்தை உள்ளே திணித்துப் பார்த்தார்கள். பாத்திரம் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம். அதை வெளியே எடுக்க ஒரு பாடு பட்டார்கள்.

சாயங்காலம் போன் வந்தது. மயக்கம் தெளிந்த குரல், நாக்கு இன்னும் குழறியது.

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. அதை விடு, பை என்னாச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் நினைத்தாள். "நல்லா வந்திருக்குக்கா," என்றுதான் வந்தது. "காயப் போட்டிருக்கேன்."

"அப்பாடா," என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லில் இருந்த நிம்மதி அவளை ஊசியாய்க் குத்தியது.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டி அனுப்பிவிட்டாள். அவர் படியிறங்கும்போது தடுமாறித் திரும்பி வந்தார். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைகடையாக ஏறி இறங்கிப் பச்சைக் கம்பளிப் பை தேடினாள். ஒரு கடையில் கிட்டத்தட்ட அதே பச்சையில் ஒன்று இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவள், ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வைத்துவிட்டாள். தன் கையால் போட்ட பின்னல் இது இல்லை என்று அக்கா தொட்டாலே கண்டுபிடித்துவிடுவாள். தவிர, அப்படிச் செய்தால் அது வேறு ரகமான தப்பு என்று அவளுக்கே பட்டது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுருங்கிய பை கைப்பையின் அடியில் கிடந்தது. எடுப்பதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டே வந்தாள்.

வார்டில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனிகளை நர்ஸ் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"கிள்றீங்கன்னு பாத்துத்தான் தெரியுது." அக்கா திரும்பி இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சிஸ்டர், சொன்னேன்ல, என் ஓரகத்தி. இவ கைலதான் பையைக் குடுத்தேன். எல்லாரும் வேணாம்னாங்க. எவ்வளவு பதவிசா பண்ணியிருக்கா பாருங்க."

அதற்குமேல் தாங்கவில்லை. "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து அதை எடுத்துப் போர்வை மேல் வைத்தாள்.

நர்ஸ் மெல்ல நகர்ந்துவிட்டாள். அக்கா இடது கையால் அதை எடுத்தாள். திருப்பினாள். உள்ளே கையை விட்டாள்; மணிக்கட்டுவரைதான் போயிற்று.

"கொதிக்கிற தண்ணிய ஊத்தினேன். ஜீன்ஸ் போட்டேன். நீங்க சொன்னதைக் கேக்கல. அப்புறம் கீழ்வீட்டுல..."

"போதும்."

அக்கா பையைப் போர்வை மேல் திரும்ப வைத்தாள். பிறகு, பையைப் பார்த்தபடியே சொன்னாள்: "விரல்ல உணர்ச்சி திரும்பறது நிச்சயமில்லன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிச்சேன். இனிமே ஊசி பிடிக்க முடியுமோ என்னமோ."

"எனக்குத் தெரியாதுக்கா."

"யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல." குரல் உடைந்தது. "பை போனா போகுது. நல்லா வந்திருக்குன்னு சொன்னியே. ரெண்டு நாளா அதை நெனச்சுக்கிட்டுத்தான் வலியைப் பொறுத்துக்கிட்டுக் கெடந்தேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவள் கொஞ்ச நேரம் நின்றாள். தொடவும் துணிவில்லை, போகவும் மனமில்லை. கடைசியில் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு அழுதாள்.

இரண்டு நாள் எந்தச் சேதியும் இல்லை. கணவன் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தான். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை என்றான். போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது தடவை அடித்தபோது அக்காவே பேசினாள்.

"துணி வெட்டற பெரிய கத்தரி இருக்கா உன்கிட்ட? எடுத்துக்கிட்டு வா." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

போனபோது சாப்பாட்டு மேஜையில் பச்சைப் பை இருந்தது. பக்கத்தில் அக்காவின் பழைய யூனிஃபார்ம் கோட்டு, கருநீலத்தில், கனத்த துணி.

"ரெண்டு பக்கமும், அடியிலயும் வெட்டு," என்றாள் அக்கா. "நடுவுல இந்தக் கோட்டுத் துணியைப் பட்டையா வெச்சுத் தைச்சா அகலம் வரும்."

"வெட்டினா பின்னல் பிரிஞ்சுடாதா?"

"இவ்வளவு இறுகினது எங்க பிரியும்? அதுக்குத்தான் நீ நல்லா வேக வெச்சுட்டியே."

சிரிப்பதா என்று தெரியாமல் கத்தரியை எடுத்தாள். ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்தாயிற்று. இப்போது வெட்டுவதைத் திரும்பச் சேர்க்க முடியாது. அக்கா பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நேரா போ. கொஞ்சம் லெஃப்ட். லெஃப்ட்டுங்கறேன். அப்படியே வா, வா, வா... ஸ்டாப்."

"அக்கா, நான் பஸ்ஸையா ரிவர்ஸ் எடுக்கறேன்?"

"பஸ்ஸா இருந்தா இந்நேரம் யார் மேலயாவது ஏத்தியிருப்ப."

வெட்டிய விளிம்பில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கோணி ஊசியால் தைக்கத் தொடங்கினாள். ஃபெல்ட்டுக்குள் ஊசி இறங்கவே மறுத்தது. குறட்டால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அக்கா இடது கையால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் நேராக வந்தது. மறுபக்கத் தையல் பாதியில் வளைந்துவிட்டது. பிரிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "நாளைக்குக் காலைல அவ கெளம்பறா, விடு," என்றாள் அக்கா.

மறுநாள் காலை மகள் பையை வாங்கி லேப்டாப்பை உள்ளே விட்டாள். போயிற்று. வாய் மட்டும் முழுசாக மூடவில்லை, லேப்டாப் நாலு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மழை பெஞ்சா?" என்றாள் அக்கா.

"மேல பிளாஸ்டிக் கவர் போட்டுக்கறேன்ம்மா." மகள் கோட்டுப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். "இது உன் யூனிஃபார்ம்தானே? யார் தைச்சது?"

"உன் சித்தி."

"இந்தப் பக்கம் ஏன் சித்தி கோணிக்கிட்டுப் போகுது?"

"என் கைதாம்மா காரணம்," என்றாள் அவள். "பைக்கு ஆனது எல்லாமே என்னாலதான். அம்மா அழகா பின்னியிருந்தாங்க."

மகள் அம்மாவைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டவள் மேற்கொண்டு கிளறவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவரையும் கட்டிப்பிடித்துவிட்டு டாக்ஸியில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை அக்கா கையாட்டினாள், இடது கையை.

டாக்ஸி மறைந்த பிறகும் இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாள் அக்கா.

"சரிக்கா."

"போனா நானே சொல்றேன். அதுவரைக்கும் சும்மா சும்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காத." அக்கா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கறாங்க. தனியா போக எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. கூட வர்றியா?"

"லீவு சொல்லிடறேன்க்கா," என்றாள் அவள்.