மேற்கு பார்த்த நாலாவது மாடி

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கம்பெனி இந்தப் பெரிய நகரத்தில் கிளை திறந்தபோது, "போறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்து நின்றார். அதுவரை நாங்கள் இருந்தது வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டர் போடுகிற சின்ன ஊர். அங்கே நான் வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். பத்து வருஷத் தொழில். ஊர் மாறினால் கையுமா மாறிவிடப் போகிறது என்று நானும் மூட்டை கட்டினேன்.

வீடு பார்க்க வந்தது குளிர் முடியாத மாதத்தில், ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு. நாலாவது மாடி. பெரிய பெரிய ஜன்னல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கட்டடங்களின் தலை. காற்று சிலுசிலுவென்று வந்தது. "இதுதான் வீடு" என்றேன் நான். படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிற மனுஷனுக்கு வாய்த்தது எழுபத்திரண்டு படி.

நாங்கள் குடிவந்த மூன்றாவது வாரம் வெயில் தன் முகத்தைக் காட்டியது. மத்தியானம் குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வந்தது. மூன்று மணிக்குமேல் மேற்குச் சுவர் முழுக்கச் சூடேறும். ராத்திரி பத்து மணிக்கும் அது ஆறாது. ஃப்ரிட்ஜ் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது. மெத்தையைத் தொட்டால் யாரோ அதுவரை படுத்திருந்து எழுந்துபோன மாதிரி இருக்கும். பேசினால் சண்டை வந்தது. உப்பு டப்பாவை எங்கே வைத்தேன் என்பதற்கு நாங்கள் இருவரும் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தோம்.

இந்த அழகில்தான் எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார். வழியனுப்பு விழாவுக்கு மூன்று அடுக்கு கேக். ஆர்டர் கொடுத்தது அங்கே வேலை பார்க்கிற கணக்கு டீச்சர். "சரியா நாலு மணிக்கு மேடையில இருக்கணும்மா" என்று மூன்று தடவை சொன்னார்.

விடியற்காலையிலேயே எழுந்து ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கு கேக் நிமிர்ந்து நின்றது. வெள்ளை கிரீம், ஓரத்தில் மஞ்சள் பூ. போட்டோ எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். மூன்று அடுக்கும் நிற்கிற உயரத்துக்கு ஃப்ரிட்ஜில் இடம் இல்லை. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, மற்ற வேலைகளை முடித்து ஒரு மணிக்குக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேல் அடுக்கு ஒரு பக்கமாகத் தலை சாய்த்துக்கொண்டிருந்தது. பூக்கள் வழுக்கிக் கீழே வந்துகொண்டிருந்தன. கையால் தாங்கிப் பிடித்தேன். பிடித்த இடத்தில் என் ஐந்து விரலும் பதிந்தது. மணி ஒன்றரை.

அழுகை வந்தது. ஆனால் அழ நேரம் இல்லை. டீச்சருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், கேக் சாஞ்சிடுச்சு. பொய் சொல்ல எனக்கு வரல. என்ன செய்யறதுன்னு தெரியல."

"கேக் இருக்கா, இல்லையா?" என்றார்.

"இருக்கு. நிக்க மாட்டேங்குது."

"நிக்கலைன்னா உக்காரட்டும். எங்க ஹெச்.எம்.முக்கே முழங்கால் வலி, அவங்களும் உக்காந்துக்கிட்டுதான் பேசப் போறாங்க. நாலு மணிக்கு எடுத்துட்டு வாம்மா."

அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பெட்டிகளில் வைத்தேன். கிரீம் கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பெட்டியோடு படி இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தரைத்தளத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். எட்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர், அன்று அவருக்கு விடுமுறை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'எட்டாம் நம்பர்'தான். குடும்பம் சொந்த ஊரில், அவர் மட்டும் இங்கே. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்.

"என்னக்கா, முகமெல்லாம் வேர்த்து வடியுது?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் மேலே ஓடி மற்ற இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்த வெயில்ல தெருவில இறங்கினா பாயசமாயிடும். முதல்ல என் வீட்டுல வைங்க" என்று கதவைத் திறந்தார்.

உள்ளே கால் வைத்ததும் வேறு ஊருக்கு வந்துவிட்டேனோ என்று இருந்தது. கல் தரை சில்லென்று உள்ளங்காலில் பட்டது. வடக்குப் பக்கம் ஒரே ஜன்னல். அதற்கு எதிரே பெரிய கட்டடம் ஒன்று வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். எட்டாம் நம்பர் ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நீங்க வேலையைப் பாருங்க" என்று வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கிரீம் அரை மணி நேரத்தில் இறுகியது. மூன்று அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நீளமான கேக்காக மாற்றினேன். என் விரல் பதிந்த இடங்களில் இலை வரைந்தேன்.

மூன்றே முக்காலுக்கு மேடையில் இருந்தது. ஹெச்.எம். கத்தியை வைத்துக்கொண்டு, "இவ்வளவு நீளத்தை நான் எங்கேருந்து வெட்டுறது?" என்று கேட்க, பிள்ளைகள் எல்லாம் "இங்கேருந்து, இங்கேருந்து" என்று கத்தின. நான் பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெட்டிகளைத் திருப்பி எடுக்கப் போனபோது எட்டாம் நம்பரிடம் சொன்னேன்: "கொடுத்து வச்சவர் தம்பி நீங்க. எவ்வளவு குளுமையான வீடு!"

"எனக்கு என்னக்கா பிரயோஜனம்? பகல் முழுக்க பஸ்ஸுல வேகறேன். வீட்டுக்கு வந்து படுத்தா இங்க காத்து அசையாது, கொசு வேற. அதான் பாயைச் சுருட்டிக்கிட்டு தினம் மொட்டை மாடிக்கு ஏறிடறேன்."

"எங்க தலைக்கு மேல தொம் தொம்முன்னு நடக்கறது நீங்கதானா? பூனைன்னு நினைச்சோம்."

"நல்ல கனமான பூனை" என்றார்.

படி ஏறும்போதே எனக்குப் பொறி தட்டியது. பகலில் குளுமை வேண்டியவள் மேலே இருக்கிறேன். ராத்திரியில் காற்று வேண்டியவர் கீழே இருக்கிறார். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று சாயங்காலம் என் கணவரிடம் கேட்டேன். இந்தியா பாகிஸ்தான் போல முறைத்துக்கொண்டிருந்தவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நான் திரும்பி ஊருக்கே போயிடலாமான்னு கேக்கலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்டே." சின்ன வீட்டுக்கு மாறுவது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, எழுபத்திரண்டு படி மிச்சம் என்றார். எட்டாம் நம்பரும் அப்போதே தயார்.

ஓனரம்மாதான் பிடி கொடுக்கவில்லை. முதல் மாடியில் இருக்கிறவர், குரலும் அங்கிருந்தே கட்டடம் முழுக்கக் கேட்கும். "வீடு என்ன பஸ் சீட்டா, நீ ஜன்னலோரம் வா, நான் அந்தப் பக்கம் போறேன்னு மாத்திக்க? நல்ல வீட்டைக் கொடுத்தா அருமை தெரியல."

நான் வாதாடவில்லை. "ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்துட்டுப் போங்க. கேக் வச்சிருக்கேன்" என்றேன்.

நாலாவது நாள் வந்தார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து சாவகாசமாக மேற்குச் சுவரில் சாய்ந்தவர், தேள் கொட்டின மாதிரி எழுந்துவிட்டார். ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்து விரலை நீட்டி இழுத்துக்கொண்டார்.

"பதினொரு வருஷமா வாடகைக்கு விடறேன். இந்த நேரத்துல நான் ஏறி வந்ததே இல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இதுல எப்படிம்மா இருக்கீங்க?"

"சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினோம். ஃப்ரிட்ஜை முதுகில் சுமந்து இறங்கும்போது இவர் படிக்குப் படி லிஃப்ட் கம்பெனிகளையெல்லாம் திட்டினார். எட்டாம் நம்பர் தன் சாமான்களை இரண்டே நடையில் மேலே ஏற்றிவிட்டு, மொட்டை மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார். சூடு கொஞ்சம் குறையுமாம். பாதிச் சுண்ணாம்பு அவர் தலையில் இருந்தது.

"ஒத்தை ஆளுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு மெனக்கெடறீங்க?"

"ஒத்தை ஆளு இல்லக்கா. கீழ ஒரு ரூம்ல கூட்டிட்டு வந்து வைக்க முடியல. இப்ப ரெண்டு ரூம் இருக்கு. வீட்டுக்காரியையும் பொண்ணையும் வரச் சொல்லியிருக்கேன்."

எனக்குத் திக்கென்றது. நான் தப்பித்துவந்த சூட்டில் ஒரு பெண்ணும் குழந்தையுமா? அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கடைசியில் அவரிடமே நம்பர் வாங்கி அவர் மனைவிக்குப் போன் செய்தேன். முன்பின் பார்த்ததில்லை.

"நான் கீழ் வீட்டு அக்கா பேசறேன். நீங்க வரப்போற வீட்டைப் பத்தி உண்மையைச் சொல்லிடணும்" என்று ஆரம்பித்து, சுவர், குழாய், மெத்தை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"அவர் சொன்னாருக்கா. ரெண்டு வருஷமா போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. சூடுன்னா சூடு. நான் தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

மடை திறந்த மாதிரி கொட்டினேன். "கம்பளி ஒண்ணும் எடுத்துட்டு வராதீங்க, இருட்டு நிறத்துல கெட்டித் திரை எடுத்துட்டு வாங்க. காலைல ஏழு மணிக்குள்ள வாளியெல்லாம் ரொப்பிடணும். அடுப்பு வேலை எல்லாம் ஒன்பதுக்கு முன்னாடி. கட்டிலை மேற்குச் சுவத்துல ஒட்டிப் போடக் கூடாது. முதல் மாசம் புருஷன் என்ன சொன்னாலும் கோவம் வரும். அது அவர் இல்ல, வெயில். பெரிய முடிவு எதுவும் அப்ப எடுக்காதீங்க."

"சரிக்கா."

"அப்புறம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பொண்ணையும் கூட்டிக்கிட்டுக் கீழ வந்துடணும். என் கதவு திறந்தேதான் இருக்கும். கூச்சமெல்லாம் படக் கூடாது, புரியுதா? நீ வரலைன்னா நான் மேல ஏறி வருவேன்."

எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு சின்னக் குரல், "யாரும்மா? அந்த கேக் அத்தையா?" என்று கேட்டது.

"ஆமாம், கேக் அத்தைதான்" என்றேன். "என்ன கலர் பூ வேணும்னு கேளு."