பாதி சாத்திய கதவு

இத்தாலியின் பாரி நகரில், பழைய சந்துகளில் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. நான் பிறந்த சந்துக்குக் கடைசியாகக் கூட்டிப்போவேன். அங்கே பெண்கள் வாசலில் மேசை போட்டு, மாவைக் கத்தியால் இழுத்துச் சின்னக் காதுகள் போலப் பாஸ்தா செய்வார்கள்.

அதே சந்தில் என் அப்பா சபீனோ தனியாக இருக்கிறார். தரையோடு ஒட்டிய ஒரே அறை. கதவு திறந்திருந்தால் வீடு முழுக்கத் தெரியும். ஈஸ்டர் அன்று அவர் பனியனோடு சாப்பிடுவதை என் கூட்டத்தில் ஒருவர் படம் எடுத்துவிட்டார். வீட்டை மிருகக்காட்சிசாலை ஆக்கிவிட்டாய் என்று அப்பா கத்தினார். நானும் கத்தினேன். அதன்பின் பேச்சில்லை. அவருடைய வாசலை நாங்கள் கடக்கும்போது எதிர்ச்சுவரில் இருக்கும் மாதா படத்தைக் காட்டி எல்லோர் தலையையும் திருப்பிவிடுவேன்.

அன்று ஒரு டச்சுக் கூட்டம். படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தபோது பார்த்தேன். அப்பாவின் இரட்டைக் கதவில் ஒன்று சாத்தியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால்தான் அப்படிச் சாத்துவார்கள்.

என் வாய் நிற்கவில்லை. மாதாவின் நீலச் சாயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே போனது. பாஸ்தா செய்த பெண்கள் மாவைத் துணியால் மூடத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு சேசரியா கோழி சூப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது.

"காலையிலகூட என்கிட்ட சண்டை போட்டாரேடி" என்றாள்.

கூட்டத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். கதவைக் காட்டினேன். ஊர் பார்க்க வருகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், கோபத்தில் ஒன்றைச் சாத்தினேன், முழுக்கச் சாத்தினால் இருட்டு என்றார். பின்னால் வந்த சேசரியாவையும் பானையையும் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்தார்.

"உசுரோடவாய்யா இருக்கே? என் பேரப்பிள்ளைங்க சாப்பாட்டைல்ல தூக்கிட்டு வந்தேன்" என்றாள் சேசரியா. சாவுக்கென்று எடுத்த பானை திரும்பத் தன் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா என்னையே பார்த்தார்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சப்புறமுமா அந்த மாதா படத்தைப் பத்திப் பேசிட்டிருந்தே?"

"அதுவா வந்துச்சுப்பா. நிறுத்தத் தெரியலை."

வெளியே ஒருவர் கேமராவைத் தூக்கினார். போய் என் உள்ளங்கையால் மறைத்தேன். சுற்றுலா முடிந்தது, இந்த வாசலுக்கு இனி யாரையும் கூட்டிவரமாட்டேன் என்றேன். அவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

திரும்பி வந்தபோது அப்பா இரண்டு தட்டுகளில் சூப் ஊற்றியிருந்தார். காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்த கரண்டி தட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நிற்கும்வரை தன் தட்டைத் தொடவில்லை.