பச்சைப் பொய்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அறிவிப்பு சொல்கிறவள் என்பதால் வந்த பெயர். ஆனால் அவள் வாய் திறந்து பேசுவது அபூர்வம். அந்தக் கம்பெனி கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் தன்னுடைய கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விட்டிருந்தது. அவர்களுடைய கணக்கு வழக்கு, பில், பதிவு எல்லாம் எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது நன்றாக ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்று வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்டேட்டஸ் பக்கம் உண்டு. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் கோளாறு. நிறத்தை மாற்றுவதும், கீழே நாலு வரி எழுதுவதும் அவள் வேலை.

மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவள் மட்டும் தினமும் கிளம்பி வந்துவிடுவாள். அம்மா போன பிறகு வீட்டில் ஃப்ரிட்ஜின் உறுமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படம் அனுப்புவார். அவளும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். அத்தோடு உறவு முடிந்தது. அலுவலகத்திலும் ஆள் இல்லைதான். ஆனாலும் லிஃப்ட் வந்து நிற்கும்போது மணி அடிக்கும். தரை துடைக்க வருகிற அம்மா, "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவாள்.

அன்று காலை, கொண்டுவந்த ஃபிளாஸ்கைக்கூட அவள் திறக்கவில்லை. அதற்குள் இன்ஜினீயர்களின் குழு அழைப்பில் கூச்சல் கிளம்பிவிட்டது. தகவல் சேமிக்கிற இயந்திரங்களில் பாதி மயக்கம் போட்டு விழுந்திருந்தன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் வழக்கம்போல நாலு வரி தட்டிவிட்டு மேலாளரிடம் அனுமதி கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அவர். "பெரிய கிளையன்ட்டோட இப்பதான் மீட்டிங் ஆரம்பிக்குது. சிவப்பைப் பார்த்தா ஆள் எழுந்து போயிடுவாரு. பத்து நிமிஷத்துல சரியாயிடும்."

பத்து நிமிஷம் அரை மணியாகி, ஒரு மணியையும் தாண்டியது. பக்கம் பச்சைப் பசேல் என்று சிரித்துக்கொண்டிருந்தது. மௌஸின் மேல் கையை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். இடையில் இரண்டு முறை மேலாளருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை.

உதவி மையத்தின் அழைப்புகள் நிரம்பி வழிந்து, ஒன்று அவள் மேஜைக்கே வந்து விழுந்தது. மறுமுனையில் ஒரு பெண். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள்.

"ஏங்க, உங்க பக்கத்துல எல்லாம் நல்லாயிருக்குன்னு போட்டிருக்கு. எனக்கு ஒண்ணுமே வேலை செய்யல. என் வீட்டு நெட்தான் போச்சுன்னு நெனச்சு இவ்வளவு நேரம் வயரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகிட்டிருக்கேன். கோளாறு எங்கிட்டயா, உங்ககிட்டயா? அதை மட்டும் சொல்லுங்க."

'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லத்தான் அவளுக்குப் பழக்கம். ஏனோ, "நீங்க என்ன சேவை நடத்துறீங்க?" என்று கேட்டாள்.

"தனியா இருக்கறவங்களுக்குக் காலைல போன் பண்றது. மெஷினே கூப்பிடும். எழுந்துட்டேன், நல்லாயிருக்கேன்னு அவங்க ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்கலன்னா எனக்குத் தகவல் வரும், நான் ஆளைப் புடிச்சு அனுப்புவேன். இன்னைக்கு மெஷின் யாரைக் கூப்பிட்டுச்சு, யாரை விட்டுச்சுன்னே தெரியல. காத்திருக்கறதா, ஒவ்வொருத்தரா நானே கூப்பிடறதா?"

"காத்திருக்காதீங்க," என்றாள் அவள். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "எங்க பக்கம்தான் விழுந்திருக்கு. எப்ப எழும்னு இங்க யாருக்கும் தெரியாது. உடனே கூப்பிட ஆரம்பிங்க."

"அப்ப அந்தப் பச்சை?"

"பொய்."

"பச்சைப் பொய்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள்.

அவள் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. பக்கத்தைச் சிவப்பாக்கினாள். 'காலையிலிருந்தே எங்கள் சேவை முடங்கியிருக்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. எப்போது சரியாகும் என்று சொல்ல முடியவில்லை. மாற்று வழி இருந்தால் இப்போதே அதற்கு மாறிவிடுங்கள். தாமதமாகச் சொல்வதற்கு வருந்துகிறோம்.' இதைக் கீழே எழுதி, பொத்தானை அழுத்திவிட்டாள்.

இத்தனை நேரம் பதில் போடாத மேலாளர் அடுத்த நிமிடமே கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு சிவப்பாக்கினீங்க?"

"உங்களைத்தான் சார் கேட்டுட்டே இருந்தேன்."

"'காரணம் தெரியவில்லை'ன்னு எவனாவது எழுதுவானா? மானத்தை வாங்கிட்டீங்களே! மறுபடி பச்சையாக்குங்க."

"சரியானதும் ஆக்கறேன் சார்."

"நாளைக்கு ஆபீஸ் வர்றேன், என் ரூமுக்கு வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. அரை மணிக்கு ஒரு முறை இன்ஜினீயர்களை நச்சரித்து, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினாள். திட்டி எழுதிய வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். 'ஒருவழியாகச் சொன்னீர்களே' என்று எழுதியவர்களும் உண்டு.

சாயங்காலம் ஒரு வழியாக எல்லாம் எழுந்து நின்றது. குழு அழைப்பில் கைதட்டல், சிரிப்பு, "மச்சான், தூங்கப் போறேன்" என்ற சத்தங்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவளிடம் யாரும் விடைபெறவில்லை. அவள் இன்னும் அழைப்பில் இருப்பது யாருக்கும் நினைவில்லை. கடைசியில் திரையில் அவளுடைய கட்டம் மட்டும் மிஞ்சியது.

பக்கத்தைப் பச்சையாக்கிவிட்டு, காலையில் வந்த எண்ணைத் தேடி அழைத்தாள்.

"ஸ்டேட்டஸ் பக்கத்துலேர்ந்து பேசறேங்க. எல்லாம் சரியாயிடுச்சு. அங்க எல்லாரும்..."

"எல்லாரையும் புடிச்சுட்டேங்க," என்றாள் அந்தப் பெண். தொண்டை கட்டியிருந்தது. "ஒருத்தர் மட்டும் எடுக்கல. தையல்காரர். பக்கத்து வீட்டுக்காரரைக் கதவை உடைக்கச் சொன்னேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கெடந்திருக்காரு. இடுப்பு எலும்பு போச்சு. உயிருக்கு ஒண்ணும் பயமில்லையாம்."

"எப்ப விழுந்தாராம்?"

"விடிஞ்சதுமே விழுந்துட்டாராம்."

பக்கம் பச்சையாக இருந்த நேரமெல்லாம் ஒரு மனிதர் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். அவளுக்கு மேலாளர்மேல் வந்த கோபம் பாதி வழியில் தன்மேலேயே திரும்பியது. அவளுடைய கை மௌஸின் மேலேயேதானே இருந்தது?

"நான் முன்னாடியே மாத்தியிருக்கணும்," என்றாள்.

"ஆமா, மாத்தியிருக்கணும்," என்றாள் அந்தப் பெண், வெடுக்கென்று. பிறகு குரல் தணிந்தது. "நீங்களும் சொல்லாம இருந்திருந்தா நான் மத்தியானம் வரைக்கும் வயரைத்தான் சொருகிட்டிருந்திருப்பேன். சரி, வைக்கட்டுமா?"

"ஒரு நிமிஷம்." வைத்துவிடுவாளோ என்று அவள் அவசரப்பட்டாள். "உங்க சேவைல ஒருத்தரைச் சேர்க்கணும்னா என்ன பண்ணணும்?"

"பேரும் நம்பரும் குடுத்தாப் போதும். யாருக்கு, அம்மாவுக்கா?"

"எனக்குத்தான்."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"வயசு?"

"நாப்பத்தி நாலு."

"காலைல எப்ப கூப்பிடணும்?"

"ஆறரைக்கு."

"நீங்க எடுக்கலன்னா யாருக்குச் சொல்லணும்? ஒருத்தர் நம்பர் வேணும்."

அண்ணன் நினைவுக்கு வந்தார். அவர் ஊரில் அப்போது நடுநிசியாக இருக்கும். மேலாளரா? துடைக்க வருகிற அம்மாவின் எண் அவளிடம் இல்லை, பெயர்கூடத் தெரியாது. போன் காதிலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். யோசிக்கிறேன்."

"மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல," என்றாள் அந்தப் பெண். "இப்போதைக்கு என் நம்பரையே போட்டுக்கறேன்."