பாதி சொன்ன ஜெபம்

பெரிய போதகர் மைக்கில் அதைச் சொன்னபோது, எல்லோரையும் போல அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள். பக்கத்தில் தங்கை, தாடை தெரியாதபடி துப்பட்டாவை முகத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"கர்த்தாவே, கண்ணாடிக் கடை நடத்துகிற எங்கள் சகோதரியின் தங்கைக்காக வருகிறோம்! புருஷனை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அந்த மகளுடைய பிடிவாதத்தை உடைத்துப் போடும்! அவள் வீட்டுக்கே அவளைத் திரும்ப நடத்தும்!"

"ஆமென்!" என்று மண்டபமே அதிர்ந்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பி, யார் அந்தத் தங்கை என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊருக்கு அவள் வந்து அதிக நாள் ஆகவில்லை. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒரு குறுகலான இடத்தைப் பிடித்து மூக்குக்கண்ணாடிக் கடை போட்டாள். ஊர் சபைகளெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடி ஜெபிக்கும், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு சபையில் என்று செருப்புக்கடைக்காரர் சொன்னார். யாரையும் தெரியாத ஊரில் நாலு பேரைத் தெரிந்துகொள்ள நல்ல வழி என்று போனாள். அப்படித்தான் சபைகளும் போதகர்களும் பழக்கமானார்கள். திரை, விளக்கு, கேமரா எல்லாம் வைத்த மண்டபத்தின் பெரிய போதகர், ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போல ஜெபிப்பார். பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த சின்னக் கூடத்தின் மாடிப் போதகர் ஜெபிப்பது மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்காது. கல் கோயில் ஆயரோ மூன்றாவது வரிசைக்கு எட்டாத குரலில் பேசுவார். அவள் ஆயரின் சபையில்தான் சேர்ந்தாள். இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவரிடம் சொன்னது வெளியே போகாது என்று நம்பினாள்.

அதனால்தான் தங்கை உடைந்த தாடையோடு வந்து இறங்கியபோது ஆயரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். குக்கர் மூடியால் புருஷன் அடித்தது, எலும்பு இரண்டு இடத்தில் விட்டது, டாக்டர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியது, கணக்கு டீச்சரான தங்கை இப்போது குழாய் வைத்து உறிஞ்சித்தான் சாப்பிடுகிறாள் என்பது, எல்லாம்.

தங்கை வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பல்லைத் திறக்காமலே பேச அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

"என் பிடிவாதத்த உடைக்கச் சொல்லி எத்தன பேரு ஆமென் போட்டாங்கக்கா? உடைய இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

அக்கா குவியலிலிருந்து இருவர் செருப்பையும் தேடி எடுத்தாள். கோபம் வரவே வீடு வரை நடக்க வேண்டியிருந்தது. வந்த பிறகு அது போகவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆயரின் அறைக்குப் போனாள். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா."

"நிக்கிறேன் ஐயா. உங்ககிட்ட சொன்னது அவர் வாய்க்கு எப்படிப் போச்சு?"

"கூட்டத்துக்கு முன்னாடி போதகருங்க எல்லாரும் உக்காந்து பேசுவோம். ஜெபக் குறிப்பாத்தான் சொன்னேன். ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சுமக்கணும் இல்லையா?"

"நான் உங்க தோள்ல வச்சேன். அத ஊர் தலையில இறக்கச் சொன்னது யாரு?"

ஆயர் இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்தார்.

"சரி, சொன்னீங்க. தாடை உடைஞ்சதையும் சொன்னீங்களா?"

"அது வந்து... அந்த விவரமெல்லாம் சொல்ல எனக்குச் சங்கடமா இருந்துச்சும்மா. ஒரு குடும்பத்தோட மானம் பாரு. பிரச்சினையில வீட்ட விட்டு வந்திருக்கான்னு மட்டும் சொன்னேன்."

அடித்தவன் செய்ததை மரியாதையாக மூடி வைத்துவிட்டு, அடிவாங்கியவள் வெளியே வந்ததை மட்டும் எடுத்து நாலு பேர் கையில் கொடுத்திருக்கிறார் இந்த மனிதர். அதுவும் நல்ல எண்ணத்தோடு! கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

"யாரோட மானம் ஐயா?" என்று மட்டும் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அதோடு முடியவில்லை. மண்டபத்தின் ஜெபம் நேரலையில் போயிருந்தது. புகார் கொடுத்துவிடுவாளோ என்று பயந்து அதுவரை பதுங்கியிருந்த புருஷன் அதைப் பார்த்தான். அந்த வாரமே ஒரு காலை வேளையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கையில் ஒரு பூங்கொத்துமாகக் கடை வாசலில் வந்து நின்றான். கூடவே பெரிய போதகர்.

கடையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், மூக்கில் சோதனை ஃப்ரேமோடு உட்கார்ந்து சுவர்ப் பலகையில் எழுத்து படித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் வில்லை.

"சிஸ்டர், பாத்தீங்களா, ஜெபத்துக்குப் பதில்!" என்று போதகர் புருஷனின் தோளைத் தட்டினார். "அவரே தேடி வந்துட்டாரு. ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசிடுவோம். தங்கச்சியக் கூப்பிடுங்க."

"சபையே உன்னத் திரும்பி வரச் சொல்லுது," என்று அவன் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"யார்கிட்ட கேட்டுட்டு என் தங்கச்சிக்காக ஜெபிச்சீங்க பாஸ்டர்?"

"நான் பேரு சொல்லலையே சிஸ்டர்."

"இந்த ஊர்ல கண்ணாடிக் கடை எத்தன இருக்கு?"

அவர் சிரித்து மழுப்புவதற்குள் உள்ளறைத் திரை விலகியது. தங்கை வெளியே வந்தாள். துப்பட்டா இல்லை. தாடை ஒரு பக்கம் இன்னும் மஞ்சளும் பச்சையுமாக வீங்கியிருந்தது. போதகருக்கு நேராக வந்து நின்று, இரண்டு உதடுகளையும் விரலால் விலக்கிக் காட்டினாள். பல் வரிசை முழுக்கக் கம்பி.

போதகர் ஓர் அடி பின்னால் போனார்.

"படியில விழுந்துட்டா பாஸ்டர்," என்றான் அவன்.

"நம்ம வீட்டுல படி எங்க இருக்கு?" என்றாள் தங்கை, பல்லுக்குள்ளேயே. தரைத்தளத்து வீடு அது.

பெரிய போதகர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர் கண்டுபிடித்த சொற்கள் இவை: "கோபத்துல தப்பு நடந்திருக்கலாம் சிஸ்டர். அதுக்காகக் குடும்பத்த உடைச்சிடலாமா? மன்னிக்கணும்."

"ஐயா பாஸ்டரே," என்றார் கண்டக்டர், ஒரு கண் மட்டும் தெரியும் ஃப்ரேமைத் திருப்பி. "எனக்குப் பலகையில மூணாவது வரியே தெரியல. அந்தக் கம்பி எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா கடைக் கதவை அகலத் திறந்து பிடித்தாள். "பூவ எடுத்துட்டுக் கெளம்புங்க. ரெண்டு பேரும்."

அன்று மதியமே தங்கை போலீசில் புகார் கொடுத்தாள். அதுவரை அவள் தயங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அக்கா மட்டும் பேட்டரிக் கடை மாடிக்கு ஏறினாள். மாடிப் போதகரும் போதகர்களின் அந்த ஆலோசனையில் இருந்தவர்தானே. அவரையும் ஒரு பிடி பிடித்துவிட வேண்டும். அவர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே எனக்குத் தப்புன்னு பட்டுச்சும்மா," என்றார். "நான் ஆமென் சொல்லல."

"சொல்லாதது யார் காதுல விழுந்துச்சு?"

அவர் துணியைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். முழங்கை வரை சோப்பு நுரை. "நல்லாக் கேளும்மா. நானும் அதத்தான் கேட்டேன்," என்றவர் புருஷன் பக்கம் திரும்பினார். "அடுத்த கூட்டம் நம்ம இடத்துல. மைக்கும் நம்ம மைக். இன்னும் என்னங்க யோசனை?"

தங்கை அந்தக் கூட்டத்துக்கு வர மறுத்துவிட்டாள். "விட்டுப்போனத ஆயர் தன் வாயாலயே சொல்லட்டும். எனக்காக யாரும் ஜெபம் பண்ண வேண்டாம். சொன்னதத் திருத்துனா போதும்." அவ்வளவுதான் அவள் நிபந்தனை. மாடிப் போதகர் அதை ஆயரிடம் கொண்டுபோனார்; அவரும் ஒப்புக்கொண்டார்.

மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. பெரிய போதகர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாடிப் போதகர் வழக்கமான பாட்டைத் தொடங்காமல் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். பிறகு ஆயரிடம் மைக்கைக் கொடுத்தார்.

ஆயர் மைக்கை வாயருகே பிடித்தார். குரல் முதல்முறையாகக் கடைசி வரிசை வரை போனது.

"போன மாசம் ஒரு பொண்ணோட பிடிவாதத்த உடைக்கச் சொல்லி ஜெபிச்சோம். உடைஞ்சிருந்தது அவளோட தாடை. உடைச்சது அவ புருஷன். அது எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல. அவ வீட்ட விட்டு வந்ததச் சொல்ல எனக்கு வெக்கமா இல்ல, அவன் அடிச்சதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாம ஜெபிச்சது தப்பு. அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன்."

"ஐயா, இது ஜெபக் கூட்டம்," என்று பெரிய போதகர் எழுந்தார். "குடும்ப விஷயத்த மேடையில பேசக் கூடாது."

அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அத நீங்க போன மாசம் சொல்லியிருக்கணும் பாஸ்டர்!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

அவர் வெளியே நடந்தார். அவருடைய ஆட்கள் ஒரு கூட்டம் அவர் பின்னால் இறங்கியது. ஆனால் போன மாதம் திரும்பிப் பார்த்துத் தேடிய அந்த இரண்டு பெண்களும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தும் அக்காவின் மனம் இளகவில்லை.

பெரிய போதகர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மண்டபத்தில் கூட்டமும் குறையவில்லை. அந்த ஜெப வீடியோவை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவும் மாடிப் போதகரின் மனைவி பெரிய போதகரின் அலுவலகத்துக்குப் போய், "நீங்க அத எடுக்குற வரைக்கும் இந்த சோபாவுல உக்காந்திருக்கேன், எனக்கொண்ணும் அவசரமில்ல," என்று கைப்பையிலிருந்து பின்னல் வேலையை வெளியே எடுத்த பிறகுதான்.

வழக்கு நடக்கிறது. ஆயர் சாட்சி சொல்வதாக வக்கீலிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். கம்பியைக் கழற்றிய அன்று தங்கை வீட்டுக்கு வந்ததும் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வலித்தது. இரண்டாவது தடவையும் கடித்தாள்.

"அக்கா," என்றாள் மென்றுகொண்டே, "அடுத்த மாசம் கூட்டம் எந்த சபையில?"

"எதுக்குடி கேக்குற?"

"நானே போய்ப் பேசணும். எனக்குத்தான் வாயத் திறக்க வந்துடுச்சே."