குண்டூசி குத்திய இடம்

பதினோரு வருடமாக ஜாஸ் நடனம் சொல்லிக்கொடுப்பவளை எல்லோரும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். நின்ற இடத்திலிருந்து காதளவுக்குக் காலைத் தூக்குவாள். எட்டு வரை எண்ணி, எட்டில் ஆணி அடித்தாற்போல் நிற்பாள். நாற்பது வயதில் முட்டி வீங்கிவிட்டது. கொஞ்ச நாள் குதிக்காதே என்றார் மருத்துவர். கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ரிலீஸ் நடன வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே எல்லாமே தலைகீழ். எண்ணக் கூடாது. மூச்சை வெளியே விட்டு, உடம்பின் பாரத்தை அதன் போக்கில் தரைக்கு விட வேண்டும். விழுந்து, உருண்டு, விழுந்த வேகத்திலேயே எழுந்துவிட வேண்டும். இரண்டு வருடத்தில் முட்டி சரியாகிவிட்டது. ஆனால் ஜாஸ் பிடிக்குமா ரிலீஸ் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

நடனப் பள்ளியின் தலைமை டீச்சர் அவளை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆண்டு நிகழ்ச்சியில அஞ்சு நிமிஷம் நீ தனியா ஆடணும். ஜாஸும் இருக்கணும், ரிலீஸும் இருக்கணும். ஆனா இது வேற, அது வேறன்னு தெரியக் கூடாது."

"சரி டீச்சர்" என்று வாயெல்லாம் பல்லாக வந்துவிட்டாள். வீட்டுப் படி ஏறும்போதுதான் அவர் என்ன கேட்டார் என்பதே உறைத்தது.

முதலில் பாதி அது, பாதி இது என்று கோத்துப் பார்த்தாள். ஆட்ட உடை தைக்கப்போகும் நாத்தனார் அளவெடுக்கப் பயிற்சி அறைக்கு வந்திருந்தாள். கணவனின் தங்கை, மனசில் பட்டதை மென்று முழுங்கத் தெரியாதவள்.

"அண்ணி, முதல்ல ஆடினவங்க எங்க போயிட்டாங்க? இப்ப படுத்திருக்கிறது யாரு?"

"ரெண்டும் நான்தாண்டி."

"அப்ப ரெண்டு டிரெஸ் தைக்கணுமே. காலை வீசுறதுக்கு உடம்போட ஒட்டின துணி வேணும். தரையில உருளுறதுக்குத் தொளதொளன்னு வேணும். எதைத் தைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

ஸ்பிரிங் ஆட்டத்தையே மாற்றத் தொடங்கினாள். எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தாள். மாடிப்படியில் தடுக்கிக்கொண்டே இறங்குகிறவள் போலிருந்தது. கைக்கு ஜாஸ், காலுக்கு ரிலீஸ் என்று பிரித்தாள். அதைக் கண்ணாடியில் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை. வகுப்பில் ஒரே மூச்சில் "பிடி" என்றும் "விடு" என்றும் சொன்னதில், பதினாறு பிள்ளைகளும் ஆளுக்கொரு திக்கில் சிலையாகி நின்றார்கள். வீட்டில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு மூச்சை விட்டபடி நின்றவளைப் பார்த்துக் கணவன், "விடுறதுதான் விடுற, தண்ணியையாவது நிறுத்திட்டு விடேன்" என்றான்.

நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருந்தது. நாத்தனார் தானாகவே ஒட்டாமலும் தொளதொளக்காமலும் நடுத்தரமாக ஒரு துணியை வெட்டி, குண்டூசி குத்தி எடுத்துவந்தாள்.

"போட்டுட்டு அசையாம நில்லுங்க. உடம்பெல்லாம் ஊசி."

சொன்னதற்காக அசையாமல் நிற்கிறவளா ஸ்பிரிங்? மூச்சை விட்டுப் பக்கவாட்டில் சரியத் தொடங்கினாள். பாதி வழியில் இடுப்பில் ஊசி சுருக்கென்று ஏறியது. இடுப்பு மட்டும் வெட்டித் திரும்பியது. மற்ற உடம்பு அதைக் கவனிக்கவே இல்லை. நிதானமாகச் சரிந்துகொண்டே தரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் தரையில் கிடந்தபடியே கத்தினாள். "பாத்தியா? இப்ப பாத்தியா?"

"ஐயோ, ரத்தம் வருது அண்ணி!"

"அதை விடு. இடுப்பு ஜாஸ், மத்ததெல்லாம் ரிலீஸ். ஒரே நேரத்துல!"

துள்ளி எழுந்து மறுபடி விழுந்தாள். வரவில்லை. பத்துத் தடவை விழுந்தாள். இடுப்பை வெட்டப் போகிறோம் என்று தெரிந்ததுமே உடம்பு முழுவதும் இறுகிப்போனது. தெரியாமல் செய்தால் வருகிறது. தெரிந்து செய்தால் வரமாட்டேன் என்கிறது. தனக்கே தெரியாமல் தான் ஒன்றைச் செய்வது எப்படி? சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்றுகூடப் புரியவில்லை.

"நான் வேணா குத்தட்டுமா?" என்றாள் நாத்தனார், பாதி விளையாட்டாக.

"குத்தாத. நான் விழும்போது ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லு. எதைச் சொல்லப்போறன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"தோள்" என்றாள் நாத்தனார். சரிந்துகொண்டிருந்த உடம்பில் தோள் மட்டும் துள்ளியது. "முட்டி." "கழுத்து." ஒரு மணி நேரம் சொன்னாள். இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

விஷயத்தைக் கேட்டதும் தலைமை டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "தனி ஆட்டம்னு நோட்டீஸ்ல அச்சடிச்சாச்சே. இன்னொருத்தி குரல் கொடுத்தா அது எப்படித் தனி?"

"தெரியல டீச்சர். அவ சொல்லலன்னா எனக்கு வரல."

அவர் நோட்டீஸை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடைக்கு வெளிய உக்காரட்டும்" என்றார்.

நிகழ்ச்சியன்று நாத்தனார் மைக்கோடு திரை ஓரத்தில் உட்கார்ந்தாள். அரங்கு நிறையத் தலைகளைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பிலுள்ள இடங்களின் பேரெல்லாம் மறந்துபோனது. விளக்கு எரிந்தது. ஸ்பிரிங் மூச்சை விட்டுச் சரிந்தாள். குரல் வரவில்லை. மெல்ல, இன்னும் மெல்லச் சரிந்தாள். தரை நெருங்கிவிட்டது.

"காலர்!" என்றது மைக்.

உடம்பில் காலர் எங்கே இருக்கிறது? யோசிக்க நேரமில்லை. கழுத்தெலும்பு தானாக நிமிர்ந்தது. பயத்தில் நாத்தனாரின் வாயில் அவள் தொழில்தான் வந்தது. "பட்டன்." தொப்புள் உள்ளே வெட்டி இழுத்தது. "பாக்கெட்." தொடை திரும்பியது. யாரோ சிரித்தார்கள். "ஜிப்" என்றதும் முதுகெலும்பு கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கணுவாகச் சொடுக்கி ஏறியது. சிரிப்பு நின்றுபோனது. பிறகு குரல் வந்துகொண்டே இருந்தது. அவள் விழுந்துகொண்டும் எழுந்துகொண்டும் இருந்தாள். ஐந்து நிமிடம் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. கைதட்டல் கேட்டபோது எந்தப் பக்கம் பார்த்து வணங்குவது என்றும் தெரியவில்லை.

தலைமை டீச்சர் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சு. ஏன் நல்லா இருந்துச்சுன்னு எனக்கே விளங்கல. அடுத்த மாசம் பக்கத்து அரங்கத்துல கேக்குறாங்க. இதே மாதிரி ஆடிடு, ஒண்ணும் மாத்தாத."

"சரி டீச்சர்."

அவர் போன பிறகு, உடை மாற்றும் அறையில் இருவரும் தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"இதே மாதிரின்னா எப்படி அண்ணி? நான் என்னென்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்லையே."

"எனக்கும்தான்" என்றாள் ஸ்பிரிங். கால்களை நீட்டி, அவை இரண்டையும் முதன்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.