கால்வாசி போய்ச் சேர்ந்த படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தற்பெருமையிலிருந்து பிறந்தது.

ஒரு பத்திரிகையில் என் கதை வருவதாக இருந்தது. புகைப்படம் கேட்டார்கள். என் படங்கள் எல்லாவற்றிலும் நான் ரேஷன் கார்டில் இருப்பது போலவேதான் இருப்பேன். ஒரே ஒரு நல்ல படம் நண்பன் உத்தமன் வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது, அவன் இன்டர்நெட்டில் வைத்திருந்த ஆல்பத்தில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், மேனாம்பேட்டில் என் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, போனில் அந்த ஆல்பத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு உத்தமனைக் கூப்பிட்டு, என்னய்யா உன் கம்ப்யூட்டர் பெட்டி செத்துவிட்டதா என்று கத்தினேன்.

அந்தப் போனை நான் போட்டிருக்கவே கூடாது.

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் முட்டிக்கொண்டேன்.

"உத்தமன் வீட்டுக் கம்ப்யூட்டர் அன்று காலையிலிருந்தே இரைந்துகொண்டு—" [ரிப்பேர் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

"பயம் என்பது யாதெனில்—" [சீ, போ.]

"ஜெயப்பிரியா இருக்கும் இடம் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும்." [இது இருக்கட்டும். கதையே இதுதான்.]

2

ஜெயப்பிரியா உத்தமனின் தங்கை. அவளுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. அதற்குக் காரணம் அவள் கணவன் ஜெகதீசன்.

(முதல் பிரதியில் ஜெகதீசனுக்குப் பெரிய மீசையும் சிவந்த கண்ணும் வைத்தேன். உத்தமன் படித்துவிட்டு, "அண்ணாத்தே, அவன் அப்டிலாம் இல்ல. போன் பண்ணா மொதல்ல சாப்டியான்னுதான் கேப்பான்" என்றான். மீசையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு எனக்கே அவனைக் கண்டு பயமாகிவிட்டது.)

போன வருடம் ஒரு மாலை, எட்டு வயது மகள் தீபிகா டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில், ஜெயப்பிரியா கட்டின புடவையோடு அந்த வீட்டைவிட்டு வெளியேறினாள். பிள்ளை திரும்பும்வரை காத்திருந்தால் வெளியேறியிருக்க முடியாது. தீபிகா இப்போது அப்பனிடம் இருக்கிறாள். பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்த ஜெயப்பிரியாவின் படங்கள் ஒன்றுவிடாமல் ஜெகதீசன் கொளுத்திவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை உத்தமனைக் கூப்பிடுவான். "இன்னா மச்சான், சாப்டியா? ஜெயா நல்லா கீதா? எங்க கீதுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்பான். குரலை உயர்த்தியதே கிடையாது.

அவள் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்து, அங்கேயே மாடியறையில் தங்கியிருக்கிறாள். பூந்தமல்லிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். [வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.] இடம் தெரிந்த நான்கு பேர்: அவள், உத்தமன், அவன் மனைவி ராணி, கம்பெனி நடத்தும் கமலம். நான் ஐந்தாவது ஆள்.

உத்தமன் ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டர்னர். கோவில்பதாகையில் சொந்த வீடு. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பழைய பெட்டி ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்தே அதைப் படுக்கையறை அலமாரியில் சர்வராக்கி வைத்திருந்தான். சொந்தக்காரர்கள் எங்கிருந்து போனில் முகவரியைத் தட்டினாலும் அந்தப் பெட்டிதான் படத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கும். மொத்தம் பதினான்காயிரம் படங்கள்.

தொழிற்சாலையில் சீட்டுக் கட்டாத சாமானைக் கையில் எடுக்க மாட்டார்கள். இருபது வருடப் பழக்கம் அவனை வீட்டிலும் விடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் சீட்டு எழுதினான்: யார், என்ன விசேஷம், என்ன தேதி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்களை நாம் பேர் சொல்லியா கூப்பிடுகிறோம்? எழில் அம்மா, ஸ்ரீராம் அம்மா, தீபிகா அம்மா. சீட்டிலும் அப்படியே எழுதினான். முதலில் கடவுச்சொல் வைத்திருந்தான். பேத்தி படத்தைப் பார்க்க முடியவில்லை என்று அத்தை கன்னியம்மாள் சண்டைக்கு வரவே எடுத்துவிட்டான். அதோடு நின்றானா? மகள் காதுகுத்துப் பத்திரிகையில், "தங்கள் நல்வரவை நாடும்" என்பதற்குக் கீழே, ஆல்பத்தின் முகவரியையும் அச்சடித்தான். நானூறு பத்திரிகை அடித்ததில் ஒன்று ஜெகதீசன் வீட்டுக்கும் போனது. அப்போது அவர்கள் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

3

என் கத்தலைக் கேட்டுவிட்டு உத்தமன் அலமாரியைத் திறந்தான். பெட்டி அடுப்பு மாதிரி கொதித்தது. மின்விசிறி ஓலமிட்டது.

பக்கவாட்டில் காற்று இழுக்கும் துளைகளை டார்ச் அடித்துப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு ராணி பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திச் சரத்தைச் சுற்றிவிட்டிருந்தாள். காய்ந்த இதழ்களை விசிறி இழுத்துத் துளையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. பெட்டி சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வெந்துபோகும். உத்தமன் பெயின்ட் பிரஷால் இதழ்களைத் தட்டி எடுத்தான். ஒரு கைப்பிடி தேறியது. சூடு இறங்கியது. எனக்குப் போன் செய்து, சாமி கும்பிட்டதால் வந்த வினை அண்ணாத்தே என்று கிண்டலடித்தான். நானும் சிரித்தேன்.

[கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஒரு பக்கத்துக்கு அடங்கிய நகைச்சுவை, அழகாக இருந்திருக்கும். நான் இந்த வரியில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன்.]

ஆனால் சூடு இறங்கியும் இரைச்சல் நிற்கவில்லை. திரையில் எந்த வேலை எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்ற பட்டியலைக் கொண்டுவந்தான். எட்டு வரிகள், எட்டும் ஒரே வேலை: தேடல். அவன் கையால் எழுதிய தேடல் அது, கொஞ்சம் மொண்ணை. ஒரு சொல் கேட்டால் பதினான்காயிரம் சீட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். பதில் வரத் தாமதமானால் கேட்பவர் மறுபடி தட்டுவார். தட்டினால் பழைய தேடல் நிற்காது, புதிதாக இன்னொன்று கிளம்பும். யாரோ பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

யாரென்று பார்க்கலாமே என்று, பெட்டி தானாகக் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தான்.

4

எல்லாத் தேடலும் ஒரே போனிலிருந்து, காலை பத்து மணியிலிருந்து. யாருடைய போன் என்று பதிவேடு சொல்லாது. என்ன தேடினார்கள் என்பதைச் சொல்லும்.

முதலில்: ஜெயப்பிரியா.

 அடுத்த வரி: ஜெயா.  பேர் சொல்லித் தேடினால் அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய படங்கள்தான் அகப்படும். அதற்குப் பிறகு அவள் தீபிகா அம்மாதானே.

அப்போதுதான் அவனுக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது.  போன ஆயுத பூஜையன்று வீட்டுப் பூஜை முடிந்ததும் பொரி, சுண்டலோடு ஜெயப்பிரியாவின் கம்பெனிக்குப் போயிருந்தான். பொட்டு வைத்த தையல் மெஷினோடு அவளை ஒரு படம் எடுத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்திருந்தாள். வீட்டில் எடுத்த அறுபது படங்களோடு அதையும் சேர்த்து ஏற்றி, வழக்கம்போலச் சீட்டும் எழுதினான்: தீபிகா அம்மா, ஆயுத பூஜை, தேதி. அவள் தலைக்கு மேலே சுவரில் கம்பெனியின் பெயர்ப் பலகை முழுசாக விழுந்திருந்தது. நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த இடத்தை நாலு மாதமாக ஊருக்கே திறந்து வைத்திருந்தவன் அவன்தான்.

பதினொன்றரைக்குப் பிறகு ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அம்மா.

எழில் அம்மா, ஸ்ரீராம் அம்மா, ஊரில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் அதில் வந்து விழுவார்கள். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். பழசு முதலில், பக்கத்துக்கு நாற்பதாக, எழுபத்தெட்டுப் பக்கம். அந்தப் போன் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு படத்தை மட்டும் முப்பத்தொரு முறை திறந்திருந்தது. பிறந்து மூன்று நாளான தீபிகாவை ஜெயப்பிரியா மடியில் வைத்திருக்கும் படம்.

[இங்கே உத்தமன் அழுதான் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லையாம். "அழ எங்க நேரம் கீது" என்றான்.]

இப்போது ஐம்பத்திரண்டாம் பக்கம். ஆயுத பூஜைப் படம் எழுபத்தாறில். பூ அடைத்திருந்தவரை பக்கம் திறக்க நாலு நிமிடம் ஆனது. அவன் சுத்தம் செய்த பிறகு, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பெட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரை அவன் தங்கைக்குக் காவலாக இருந்தது. புகார் சொல்லி அதைச் சரிசெய்ய வைத்தவன் நான். ஒரு புகைப்படத்துக்காக.

5

ராணி பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கணவனின் முகம் தெரியும். விஷயத்தைக் கேட்டதும், "இன்னாயா பாத்துகினு கீற? ஒயர புடுங்கு" என்றாள்.

உத்தமன் பெட்டிக்கு இன்டர்நெட் வரும் வயரைப் பிடித்தான். பிடுங்கவில்லை.

"கொயந்தையா இருந்தா?" என்றான்.

ஜெகதீசன் எதற்கு அந்தப் பச்சைக் குழந்தைப் படத்தை முப்பத்தொரு முறை திறக்கப்போகிறான்? அவன் எதற்கு அம்மா என்று தேடப்போகிறான்? அது தீபிகா. அப்பன் போனை எடுத்துக்கொண்டு, அம்மா முகத்தைத் தேடுகிறாள். வயரைப் பிடுங்கினால் அந்த முகமும் போய்விடும். ராணி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சன்னமாகச் சொன்னாள்: "கொயந்த கைல போன் கீது. அத்தோட பக்கத்துல யாரு குந்திகினு கீறாங்க?"

உத்தமன் வயரை விட்டுவிட்டுக் கீபோர்டை இழுத்தான். ஆயுத பூஜைப் படத்தை மட்டும் அழித்துவிடலாம் என்று தோன்றியது. அழிக்கச் சொல்லி எழுத்துகளைத் தட்டினான். தட்டிய எழுத்து திரையில் வரவில்லை. எட்டுத் தேடல்கள் பதினைந்தாகி, பெட்டி மறுபடி திணறியது. எழுபதாம் பக்கம். எழுபத்திரண்டு. மறுபடி தட்டினான். எழுபத்தைந்து.

வயரைப் பிடுங்கினான்.

கொஞ்ச நேரத்தில் தேடல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விசிறி தணிந்து, பிறகு கேட்கவே இல்லை. திரையில் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ராணியிடம் டீ கேட்டிருப்பான். அன்று கேட்கவில்லை. பதிவேட்டின் கடைசி வரியைப் பார்த்தான்.

எழுபத்தாறாம் பக்கம். ஆயுத பூஜைப் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தது கால்வாசி.

படம் மேலிருந்து கீழாகத்தான் திறக்கும். உத்தமன் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, சுவரிலிருந்து காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, கீழே முக்கால் பங்கை மறைத்தான். பெயர்ப் பலகை முழுசாகத் தெரிந்தது. அதற்குக் கீழே அவள் தலைமுடி, நெற்றிப் பொட்டு, புருவம். கண்ணுக்கு வருமுன் தாள் மறைத்துவிட்டது.

தேடியது குழந்தை என்றால் அவளுக்கு அம்மாவின் முகம் கிடைக்கவில்லை. பக்கத்தில் அப்பன் உட்கார்ந்திருந்தால், அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

6

ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டான். மூன்றரை மணி டீ நேரம். எல்லாவற்றையும் சொன்னான், தன் தப்பையும் மறைக்காமல். உடனே கிளம்பி கமலத்தோடு வேறெங்காவது போய்விடு, நான் பைக்கில் வருகிறேன் என்றான்.

அவள் கோபப்படவில்லை. முப்பத்தொரு தபாவா என்று மட்டும் கேட்டாளாம். பிறகு சொன்னாள்:

"அது என் பொண்ணா இருந்தா, அண்ணா? நான் இங்க இல்லன்னா அது எங்க வந்து தேடும்?"

போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் மெஷினைக் கேட்டைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததாகக் கமலம் சொன்னாள். கேட்டைப் பூட்டச் சொன்னதற்கும் கேட்கவில்லையாம்.

முடிவு ஒன்று: ஐந்து மணிக்கு, பலகையிலிருந்த பெயரை வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு, ஸ்கூல் பையோடு ஒரு சிறுமி கேட்டருகே வந்து நிற்கிறாள். [எட்டு வயதுப் பிள்ளை தனியாகவா? நானே நம்பவில்லை.]

முடிவு இரண்டு: யாரும் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் அவள் தைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். [இது முடிவே இல்லை.]

முடிவு மூன்று: கேட்டருகே ஒரு பைக் நின்றது. முன்னால் தீபிகா உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்தவன் அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டின் தாழ்ப்பாளில் கை—

இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும் போலிருக்கிறது. என்ன நடந்தது என்று உத்தமன் எனக்குச் சொன்னான். அதை உங்களுக்குச் சொல்வதற்கில்லை. என் படத்தையும் பத்திரிகைக்கு அனுப்பவில்லை.

இந்தக் கதையில் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன், ஊரையும் மாற்றியிருக்கிறேன். பலகையிலிருந்த பெயரை எங்கும் எழுதவில்லை என்று நாலு முறை படித்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும், எங்கும் சொல்லிவிடவில்லை என்றுதான் உத்தமனும் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது நீங்கள் ஆறாவது ஆள். எனக்குத் தெரியாமல் எங்காவது அவள் இருக்குமிடத்தை நான் சொல்லியிருந்தால், அது உங்கள் கண்ணில் பட்டால், யாரிடமும் கேட்காமல் அந்த வரியை அடித்துவிடுங்கள். அவள் இன்னும் கேட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.